பங்கு இருக்கு, பொறுப்பு யாருக்கு?

 

இந்தப் பதிவு ஒரு வீட்டைப் பத்தினது. முருகன் பக்கத்துல வீட்டைப் பத்தி எதுக்குன்னு கேக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க, எதுக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். நம்ம ஊர் வழக்கப்படி படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது கம்ப்யூட்டர். சொந்த ஊர் தேனி பக்கம். மூணு வருஷமா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறேன். கூட வர்ற நண்பன் நகரத்தார் வீட்டுப் பையன். இந்தத் தடவை கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காரைக்குடி பக்கம் இருக்கிற அவனோட ஐயா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். "இன்னும் எத்தனை வருஷம் இது நிக்கும்னு தெரியலடா, ஒரு தடவை பாத்துடு"ன்னான்.

பாத்தேன். அன்னைக்கு ராத்திரி அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியைச் சுமந்துக்கிட்டுத்தான் பழநி வரைக்கும் நடந்தேன்.

முதல்ல வீட்டைச் சொல்றேன்.

செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லை. நடுவுல இருக்கிறது மொத்தமும் ஒரே வீடு. தெருவைவிட நல்லா உயரமா மேடை கட்டித்தான் வீட்டை எழுப்பியிருப்பாங்க. பூம்புகார்ல வெள்ளத்துக்குத் தப்பி வந்தவங்க நாங்க, அதான் தண்ணி ஏறாத உயரத்துல கட்டுறோம்னு அவங்க மரபுல ஒரு பேச்சு உண்டு. முன்னாடி முகப்பு, திண்ணை. உள்ளே போனா பெரிய நடுமுற்றத்தோட வளவு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அதுக்கும் பின்னால சமையல் கட்டு, கிணறு. வாசல்ல நின்னு பாத்தா வரிசையா எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டுல தெரியும், கடைசிக் கொல்லைக் கதவு வரைக்கும்.

வளவுல நிக்கிற தூணெல்லாம் பர்மாத் தேக்கு. சுவர்ல சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துப் பல தடவை பூசித் தேய்ச்ச பூச்சு. கை வச்சா பளிங்கு மாதிரி குளிரும். தரையில ஆத்தங்குடிக் கல். அதை எப்படிச் செய்றாங்கன்னு பக்கத்துலயே போய்ப் பாத்தேன். ஒரு கண்ணாடித் தகட்டு மேல அச்சு வச்சு, சாயம் கலந்த சிமெண்டை ஊத்துறாங்க. அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊற வச்சு, வெயில்ல காய வைக்கிறாங்க. காஞ்சதும் கண்ணாடி தானா விட்டுடும். அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுத்துட்டுப் போனது. சூளையே கிடையாது, எல்லாம் கை வேலை.

வளவைச் சுத்தி எட்டு அறை. கட்டின பெரியவருக்கு நாலு மகன், ஆளுக்கு ரெண்டு அறைன்னு கணக்கு. முற்றம் எல்லாருக்கும் பொது, அறை மட்டும் அவங்கவங்களுக்கு. கூட்டுக்குடும்பத்தை மரத்துலயும் கல்லுலயும் எழுதி வச்ச மாதிரி ஒரு அமைப்பு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள்ல எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்ல இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கு. 2014-ல் இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்லயும் சேர்ந்துச்சு.

இப்ப நிலைமையைச் சொல்றேன். எட்டு அறையில ஆறு பூட்டு. ஒவ்வொண்ணுலயும் வேற வேற பூட்டு. சாவி ஒண்ணு சென்னையில, ஒண்ணு கோலாலம்பூர்ல, ரெண்டு அமெரிக்காவுல, மத்தது எங்கேன்னே தெரியாது. இரண்டாம் கட்டுல ஓடு சரிஞ்சு மழை நேரா உள்ளே இறங்குது. சுவர்ல அரசஞ்செடி வேர் விட்டிருக்கு. நண்பனோட பங்கு 24-ல் ஒண்ணு. மொத்தம் 31 பங்காளிகள். எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க. அதுல ஒரு வியாபாரியோட விலைப் பட்டியல் வந்திருக்கு. தூணுக்கு ஒரு விலை, செதுக்கின நிலைக்கதவுக்கு ஒரு விலை, தரைக்கல்லுக்கு ஒரு விலை. பிரிச்சு எடுத்துட்டு, மனையைத் தனியா வித்துக்கலாம். கீழே, 'சம்மதம்னா கையெழுத்துப் போட்டு அனுப்பவும்'.

ராத்திரி முற்றத்துல பாய் போட்டுப் படுத்திருந்தப்ப நண்பன் கேட்டான்: "நீ சொல்லுடா. போடலாமா, வேணாமா? போட்டா பாவமா?"

எனக்குப் பதில் தெரியல. "காலையில பேசலாம்"னு திரும்பிப் படுத்துட்டேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்லணும். இந்த வீடுகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்கும் எழும்பினவை. காசு வந்தது கடல் தாண்டி. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை, சைகோன்னு கொண்டு விக்கப் போனவங்க அவங்க. 'கொண்டு விக்கிறது'ன்னா அவங்க பாஷையில கடல் கடந்து லேவாதேவி பண்றது. போன இடத்துல எப்படி வாழ்ந்தாங்க தெரியுமா? சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல கிட்டங்கின்னு ஒரு நீளமான கூடம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான். பகல்ல அதுதான் கடை, ராத்திரி அதுதான் படுக்கை. வழக்கமா மூணு வருஷக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊருக்குத் திரும்புறது. அங்கே ஒரு பாய் அகலத்துல படுத்துக்கிட்டு, இங்கே இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினாங்க. கட்டினவர் அதுல வாழ்ந்த நாள் ரொம்பக் கொஞ்சமாத்தான் இருந்திருக்கும்.

அந்தக் காசைப் பத்தியும் ஒளிக்காம சொல்லிடணும். கீழ்பர்மாவுல ஐராவதி டெல்டா பெரிய நெல் பூமியா மாறினதுக்கு இவங்க குடுத்த கடன் ஒரு முக்கியக் காரணம். ஆனா 1930-ல் உலகம் முழுக்க வந்த பொருளாதார வீழ்ச்சியில நெல் விலை படுத்துடுச்சு. விவசாயியால கடனைக் கட்ட முடியல, அடமான நிலம் கைமாறுச்சு. நெல் அதிகமா விளையுற 13 மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில இருந்துச்சு. 1930-களோட கடைசியில அது 25 சதவீதம் ஆயிடுச்சு. நிலம் போன பர்மாக்காரங்களுக்கு வந்த கோபத்துல நியாயம் இல்லைன்னு சொல்ல முடியுமா? அப்புறம் 1942-ல் ஜப்பான் படை வந்துச்சு. எல்லாத்தையும் போட்டுட்டு உயிரோட வந்து சேந்தா போதும்னு ஓடி வந்தாங்க. 1948-ல் பர்மா சுதந்திரம் ஆனதும் நிலத்தை அரசு எடுத்துக்குற சட்டம். 1962-ல் ராணுவ ஆட்சி, அதுக்கப்புறம் கடைகளும் போச்சு. போட்ட முதல் அங்கேயே நின்னுடுச்சு. இங்கே எட்டு அறை வீடு இருக்கு, அதுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் காசு இல்லை. பிள்ளைங்க படிச்சு வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க. வீடு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற இடமா ஆயிடுச்சு.

வீழ்ச்சிக்கு இதுதான் காரணம்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். விடிஞ்சப்புறம் இன்னொரு காரணம் கண்ணுல பட்டுச்சு.

விடியக்காலை அஞ்சு மணி. கதவு திறக்கிற சத்தத்துல முழிச்சேன். வீட்டுக்குக் காவலா இருக்கிற பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும். வாசக்கதவைத் திறந்தார். நேரா நடந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். ஜில்லுனு காத்து வீடு முழுக்கப் போச்சு. அப்புறம் சாமி வீட்டுக்கு முன்னாடி விளக்கேத்திட்டு, வெறுங்காலோட வளவைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சார். ஒவ்வொரு கல்லையும் மிதிக்கிற மாதிரி மெதுவா.

"என்னய்யா, வாக்கிங்கா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சார். "வாக்கிங் இல்ல தம்பி. ஆத்தங்குடிக் கல்லுக்குக் காலு படணும். படாட்டி மங்கிப் போயிரும். அதான் தெனம் ஒரு சுத்து." அப்புறம் கதவைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் தெறந்து வச்சாத்தான் வீடு மூச்சு விடும்."

"அந்த அறையெல்லாம்?"

"அதுக்குச் சாவி எங்கிட்ட இல்லையே தம்பி."

பூட்டின அறைங்க பக்கம் போய்ப் பாத்தேன். கதவுக்கு அடியில கரையான் மண்ணு கோடு கோடா ஏறியிருந்துச்சு. பொதுவா இருக்கிற வளவு பளபளன்னு இருக்கு. 'இது என்னோடது'ன்னு பூட்டுப் போட்ட அறைதான் உள்ளுக்குள்ளேயே மக்குது. அந்த வீட்டுல அந்தப் பெரியவருக்கு ஒரு செங்கல் கூடச் சொந்தம் கிடையாது. 31 பேருக்குப் பங்கு இருக்கு, பொறுப்பு ஒருத்தருக்கும் இல்லை. பங்கே இல்லாத ஒருத்தர்தான் பொறுப்பா இருக்கார்.

எங்க வேலையில இது தினம் நடக்கும். ஒரு பழைய புரோகிராம்ல ஐம்பது பேர் கை வச்சிருப்பாங்க, அம்பது பேர் பேரும் அதுல இருக்கும். அது உடைஞ்ச அன்னைக்கு 'இது யாரு பாத்துக்கிறது?'ன்னு கேட்டா ஒரு கையும் தூக்காது. எல்லாரோடதும்னு சொல்ற பொருள் சீக்கிரமே யாரோடதும் இல்லாம ஆயிடுது.

அப்படின்னா கோயில் மட்டும் எப்படி நிக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. இதே ஆளுங்க, இதே காசு, இதே நஷ்டம். ஆனா சிங்கப்பூர் டேங்க் ரோட்டுல 1859-ல் இவங்க கட்டின தண்டாயுதபாணி கோயில் இன்னைக்கும் இருக்கு. 1980-கள்ல புதுசா எடுத்துக் கட்டியும் வச்சிருக்காங்க. தைப்பூசத்துக்கு அங்கேதான் காவடி போய்ச் சேருது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இன்னைக்கு இல்லை. கோயில் இருக்கு.

நண்பன்கிட்ட கேட்டேன். அவன் ரெண்டே வார்த்தை சொன்னான்: "புள்ளி வரி."

நகரத்தார்ல கல்யாணம் ஆன ஒவ்வொருத்தரும் ஒரு புள்ளி. ஊர்க் கோயிலுக்கு ஒவ்வொரு புள்ளியும் வரி கட்டணும். பணக்காரர் ஏழைன்னு பாக்காம தலைக்கு ஒண்ணு. இது போக, வியாபாரத்துல வர்றதுல ஒரு பங்கு மகமைன்னு தர்மத்துக்கு ஒதுக்குவாங்க. கவனிச்சுப் பாருங்க. கோயில்ல நீ ஒரு புள்ளின்னா, நீ குடுக்க வேண்டியது இவ்வளவுன்னு அர்த்தம். வீட்டுல நீ ஒரு பங்காளின்னா, உனக்கு வர வேண்டியது இவ்வளவுன்னு அர்த்தம். ஒரே மனுஷன்தான், ரெண்டு இடத்துலயும் கணக்கு வேற. குடுக்குற கணக்கு எழுதி வச்ச இடம் நின்னுச்சு. வர்ற கணக்கு மட்டும் எழுதி வச்ச இடம் சரியுது.

இதை நண்பன் குரூப்ல போட்டான். உடனே ஒரு பங்காளி அண்ணன்கிட்டயிருந்து பதில்: 'தம்பி, எல்லாம் மாயை. நம்ம பழநி ஆண்டியே எல்லாத்தையும் உதறிட்டுக் கோவணத்தோட நிக்கிறான். நமக்கு எதுக்கு மாளிகை? பற்றை விடு.' கீழே பத்துப் பதினைஞ்சு கும்பிடு போடுற கை.

பக்தர்களே, நம்மள்ல நிறைய பேர் விழுற குழி இது. நானும் விழுந்திருக்கேன். கஷ்டமான வேலை வர்றப்ப மட்டும் நமக்கு வைராக்கியம் வந்துடும். தூணை வித்துக் காசைப் பிரிச்சு எடுத்துக்கிறதுக்குப் பேர் துறவு இல்லைங்க. துறக்கிறது வேற, கைவிடுறது வேற. துறக்கிறவன் தன்னோட சுகத்தை விடுறான். கைவிடுறவன் தன்னோட பொறுப்பை விடுறான். பழநியாண்டவர் பழத்தை விட்டார், அரண்மனையை விட்டார். நம்மளை விட்டாரா? மலை மேல நின்னுக்கிட்டு வர்றவன் கண்ணீரை எல்லாம் அவர்தானே பாத்துக்கிறார்? அதே பழநியில சாயரட்சை நேரத்துல அவருக்கு ராஜ அலங்காரமும் உண்டு. ஆண்டியும் அவர்தான், ராஜாவும் அவர்தான். ஆண்டிங்கிறதைச் சாக்கா எடுத்துக்கிட்டா, ராஜா வேலையை யார் பாக்குறது?

இன்னொரு எதிர்க்கேள்வியும் எனக்குள்ளேயே வந்துச்சு. பர்மா விவசாயி நிலத்தை இழந்த கதைக்கு மேல நிக்கிற தூண் இது, விழுந்தா விழட்டுமேன்னு. நத்தம் தாண்டி நடக்கிறப்ப இதையே யோசிச்சிட்டிருந்தேன். தூண் பழைய மரக் கடைக்குப் போறதால எந்த பர்மா விவசாயிக்கும் ஒரு பிடி அரிசி திரும்பப் போகப் போறதில்லை. அந்த வீட்டுல தச்சரோட கை இருக்கு, பூச்சு வேலை பாத்தவங்களோட கை இருக்கு, பல வருஷம் புருஷன் முகம் பாக்காம அந்த வளவுக்குள்ளயே காலம் தள்ளின ஆச்சிமார்களோட காத்திருப்பும் இருக்கு. காப்பாத்தணும்னா முழுக் கதையோட காப்பாத்தணும். 'எங்க பரம்பரைப் பெருமை'ன்னு பாதியை மட்டும் சொல்லிக் காப்பாத்துறதும் ஒரு அறையைப் பூட்டி வைக்கிற மாதிரிதான்.

எல்லா வீட்டையும் காப்பாத்த முடியுமா? முடியாது. அதுவும் உண்மை. சில வீடுகள் ஓட்டலா மாறிப் பிழைச்சிருக்கு, சிலது சினிமா ஷூட்டிங்ல பிழைக்குது. மிச்சம் நிறைய விழத்தான் போகுது. ஆனா விக்கிறதாவே முடிவெடுத்தாலும் அதைப் பொறுப்பா செய்யலாம். 31 பேரும் ஒரு தடவையாவது நேர்ல வந்து, பூட்டைத் திறந்து, உள்ளே என்ன இருக்குன்னு பாக்கலாம். படம் எடுத்து, அளந்து வச்சிக்கலாம். சாமி வீட்டுல இருக்கிறதுக்கு ஒரு வழி பண்ணலாம். அந்தப் பெரியவரோட மிச்ச காலத்துக்கு ஒரு ஏற்பாடு செஞ்சுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடலாம். இதை எதையும் செய்யாம போன்ல விரலால ஒரு கோடு இழுத்து அனுப்புறது இருக்கு பாருங்க, அதைத்தான் நான் பாவம்னு சொல்வேன். நண்பன்கிட்டயும் இதையேதான் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாம நடந்தான். அப்புறம் கேட்டான், "சரி, உங்க ஊர் வீடு எப்படிடா இருக்கு?"

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

எங்களுக்கும் ஒரு வீடு இருக்கு. தாத்தா கட்டின சின்ன ஓட்டு வீடு. தேக்குத் தூண் எல்லாம் கிடையாது, ரெண்டு அறை, ஒரு திண்ணை. அப்பா போனதுக்கப்புறம் அவர் பங்கு எனக்கும் அக்காவுக்கும். ஐப்பசி மழையில பின்பக்கத் தாழ்வாரம் சரிஞ்சுடுச்சுன்னு சித்தப்பா குரூப்ல போட்டோ போட்டிருந்தார். நான் என்ன பண்ணேன்? கும்பிடு போடுற கையைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிட்டேன். அந்தப் பங்காளி அண்ணனைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கு?

மீதி வழி பூரா நான் வாயைத் திறக்கல. திண்டுக்கல் தாண்டினப்ப காலெல்லாம் கொப்புளம். இந்த நடைக்கு வழி போட்டவர் உப்பு வியாபாரத்துக்குப் பழநி போய்க்கிட்டிருந்த குமரப்பர்னு நகரத்தார் சொல்லுவாங்க. தலைமுறை தலைமுறையா நடக்கிறாங்க. மாளிகை கட்டினவங்களும் இதே ரோட்டுல வெறுங்காலோடதான் போயிருக்காங்க. பர்மாவுல எல்லாம் போன பின்னாடியும் நடந்திருக்காங்க. அவங்க போறதோட நிறுத்துறதில்லை, காவடியைச் செலுத்திட்டுத் திரும்பியும் நடந்தே வருவாங்க. நண்பன் அப்படித்தான் வந்தான். நான் பஸ் ஏறிட்டேன், லீவு இல்லை.

மலை ஏறி ஆண்டவனைப் பாத்தப்ப எதுவும் கேக்கத் தோணல. கீழே இறங்கினதும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"என்ன சாமி, தரிசனம் ஆச்சா?"

"ஆச்சு சித்தப்பா. அந்தத் தாழ்வாரம் ஓடு மாத்த எவ்வளவு ஆகும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் ஒரு பாதி மாத்திட்டேன்ப்பா, தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன். நீ எதுக்கு இப்ப..."

"மிச்சத்தை நான் பாத்துக்குறேன். மாசாமாசம் கொஞ்சம் அனுப்புறேன், வீட்டுக்குன்னு தனியா எழுதி வைங்க. மாசி மகாசிவராத்திரிக்கு நேர்ல வர்றேன்."

அது எங்க வீட்டுப் புள்ளி வரி. பெரிய தொகை எல்லாம் இல்லை. ஆனா குடுக்குற கணக்குல என் பேரும் ஏறிடுச்சு.

நண்பன் இன்னும் கையெழுத்துப் போடல. 'முதல்ல எல்லாரும் சாவியோட வாங்க, அப்புறம் பேசலாம்'னு குரூப்ல எழுதியிருக்கான். இதுவரைக்கும் நாலு பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. 31-ல் நாலு. மத்தவங்க வருவாங்களான்னு தெரியல. வீடு நிக்குமான்னும் தெரியல. அந்தப் பெரியவர் மட்டும் தினமும் அஞ்சு மணிக்கு ரெண்டு கதவையும் திறந்து வச்சிட்டு ஒரு சுத்து நடந்துக்கிட்டிருக்கார்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஊர்ல ஒரு வீடோ, ஒரு கிணறோ, ஒரு குலசாமி கோயிலோ இருக்கும். அதுல உங்களுக்கு எவ்வளவு பங்குன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். அதை இப்ப யார் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு தெரியுமா? தெரிஞ்சா இன்னைக்கே அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. பதிவை ஷேர் பண்றதை அப்புறம் பாத்துக்கலாம்.

வேலும் மயிலும் துணை.
பழநி ஆண்டவருக்கு அரோகரா!